காட்டு ராஜா யார் பிள்ளை?

தஞ்சை மராட்டிய மன்னர் முதலாம் சரபோஜி 1728-ல் காலமானார். பத்து ஆண்டுகளுக்குப் பின், சாகுஜி என்பவர் தாமே அம்மன்னரின் மகன் என்று அரியாசனம் கோரி வந்தார். ஜனங்கள் அவரைக் காட்டு ராஜா என்றார்கள். அரண்மனை வேலைக்காரி பெற்ற பிள்ளை என்றார்கள் எதிரிகள்!

1738-ல் பட்டம் கிடைத்தது, நிலைக்கவில்லை. பிரெஞ்சுக்காரர் உதவியை நாடி, காரைக்காலைத் தருவதாக வாக்களித்தார். 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று; தஞ்சை அரியாசனமோ பிரதாப சிங்குக்குப் போயிற்று. விந்தை என்னவென்றால், பிரதாப சிங்கும் பட்டத்து ராணி பெற்ற பிள்ளை அல்லர்!

1749-ல் சாகுஜிக்காக ஆங்கிலக் கும்பினியார் படையெடுத்தார்கள். கொள்ளிட முகத்துவாரத்துத் தேவிக்கோட்டையைப் பிடித்ததும் பிரதாப சிங்குடன் சமாதானமானார்கள். கோட்டை கும்பினிக்கு, சாகுஜிக்கு உபகாரச் சம்பளம் மட்டுமே.

தகப்பன் யார் என்ற வழக்கு தீரவில்லை. இரண்டு கடற்கரை ஊர்கள் அந்நியர் கைக்குப் போனதுதான் மிச்சம்.