ஹால் எஃபெக்டும் என் ரெக்கார்டு நோட்டும்



பிசிக்ஸ் லேபில் ஹால் எஃபெக்ட் சோதனையை, சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதி ஒப்பேற்றியவன் நான். அந்த எட்வின் ஹால் யார்னு அன்று கேட்கக்கூடத் தோணலை.

1855இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். சிறிது காலம் பள்ளி ஆசிரியர். பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மாணவர். காந்தம் தள்ளுவது கம்பியைத்தான், அதில் ஓடும் மின்னோட்டத்தை அல்ல என்று மேக்ஸ்வெல்லே எழுதியிருந்தார். ஹாலுக்கு மனசு ஒப்பலை. பேராசிரியர் ரோலண்டின் யோசனைப்படி, கண்ணாடியில் மெல்லிய தங்க இலையை ஒட்டிச் சோதித்தார். 1879 அக்டோபரில் கால்வனாமீட்டர் அசைந்தது, குறுக்கே மின்னழுத்தம்! அடுத்து இரும்பில் அளந்தார். அதன் சொந்தக் காந்தத்தன்மையும் சேர்ந்து, விளைவு பல மடங்கு கூடியது. 1938இல் மறைந்தார்.

அந்தக் கதை அதோடு முடியலை. டோப்பாலஜிக்கல் இன்சுலேட்டர் என்பது உள்ளே மின்சாரத்தைக் கடத்தாமல், மேற்பரப்பில் மட்டும் கடத்தும் பொருள். அதன்மேல் ஒரு காந்தப் படலத்தை வைத்தால், இரண்டும் ஒட்டும் இடத்தில் எலக்ட்ரான்கள் என்ன ஆகின்றன? அதை அறிய இன்றும் அளப்பது ஹாலின் குறுக்கு மின்னழுத்தத்தைத்தான். 2013இல் சீன விஞ்ஞானிகள், குரோமியம் கலந்த அத்தகைய படலத்தில், கடுங்குளிரில், வெளிக்காந்தம் இல்லாமலே அதைத் துல்லியமான குவாண்டம் அளவில் கண்டார்கள்.

மேக்ஸ்வெல் எழுதியதையே சோதித்துப் பார்த்தார் அவர். சீனியர் எழுதியதை அப்படியே நம்பினேன் நான். ரீயூனியன் அன்று லேபைத் திறந்துவிட்டால், பாக்கியிருக்கும் என் ரீடிங்கை எடுத்துடறேன். கூட வர்றீங்களா?