சகோதரி சுப்பலக்ஷ்மியும் அவர் தகப்பனாரும்

பெண்ணுரிமையைப் பற்றி மேடைகளில் முழங்கும் நண்பர்கள் பலரை நாம் அறிவோம். அதே நண்பர்கள் வீடு திரும்பியதும், தம் மகள் குற்றம் குறை ஏதுமற்ற பதுமையாக விளங்க வேண்டுமென்று எதிர்பார்ப்பதையும் அறிவோம். நடையில் அடக்கம், பரீட்சையில் முதன்மை, ஊரார் வாயில் புகழ் யாவும் அவளிடம் ஒருங்கே அமைய வேண்டுமாம்! இம்முரண்பாட்டை உணர விரும்புவோர் சகோதரி சுப்பலக்ஷ்மியின் சரித்திரத்தைச் சற்றே சிந்திப்பார்களாக.

1886-ஆம் ஆண்டில் மயிலாப்பூரில் அவர் பிறந்தார். தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் சர்க்கார் மராமத்து இலாகாவில் உத்தியோகம் வகித்தவர், தாயார் விசாலாக்ஷி. ஒன்பதாம் வயதில் அச்சிறுமி செங்கற்பட்டு ஜில்லாவில் நான்காம் வகுப்புப் பரீட்சையில் முதலாவதாகத் தேறினாள். ஆயினும் அவ்வெற்றி அவளைக் கால வழக்கத்தினின்றும் காக்கவில்லை. பால்யத்திலேயே மணமும் நடந்தது. சிறிது காலத்திற்குள் வைதவ்யமும் வந்தது. மணம் முடித்து வைத்தவரும் அதே தகப்பனார்தாம் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. அவரும் குறையற்றவரல்லர்.

அவருடைய பெருமை அதன்பின் அவர் செய்ததில் இருக்கிறது. பால்ய விதவைக்கென்று உலகம் ஓர் அச்சு வார்த்து வைத்திருந்தது: மழித்த தலை, இருண்ட மூலை, மூடிய வாய். பெற்றோர் தம் மகளை அவ்வச்சில் திணிக்க மறுத்தனர். புத்தகங்களைக் கையில் கொடுத்தனர். கிறிஸ்தவக் கன்னியர் நடத்திய பள்ளிக்கும் அனுப்பினர். ஊராரின் ஏச்சுக்கு அஞ்சி மகளைத் திரும்ப அழைத்துக்கொள்ளவில்லை. 1911-இல் அவர் பிரஸிடென்ஸி கலாசாலையில் பி.ஏ. பட்டம் பெற்றார்.

மறு ஆண்டிலேயே, தம்மைப் போன்ற இளம் விதவைகளைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். கல்வி இலாகா அதிகாரி மிஸ் லிஞ்சு துணை நின்றார். பின்னர் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸில் அவ்வில்லம் வளர்ந்தது. 1927-இல் சாரதா வித்தியாலயம் தோன்றியது. 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்டமன்ற மேலவையில் அங்கம் வகித்தார், 1958-இல் பத்மஸ்ரீ பெற்றார், 1969-இல் மறைந்தார்.

இவ்வளவு செய்த அம்மையார் எவர் மனப்படியும் பூரணமானவராக இருந்ததில்லை. விதவைகள் இல்லம் பிராமணப் பெண்களுக்கே உரியதாயிருந்தது; ஆசாரங்களும் அங்கே அனுஷ்டிக்கப்பட்டன. வைதிகருக்கு அவர் எல்லை மீறியவர். தீவிரச் சீர்திருத்தக்காரருக்கோ வேகம் போதாதவர். இரு சாராருக்காகவும் அவர் தம்மை மாற்றிக்கொள்ளவில்லை. பெண்ணை அனுப்பத் தயங்கிய குடும்பங்களின் நம்பிக்கையைப் பெறவே அவ்வாசாரங்கள் உதவின. எது தம்மால் இயலும், எது தம் மனத்திற்கு ஒக்கும் என்பதை அவரே தீர்மானித்தார்.

இத்துணிவு பிற்காலத்தில் பட்டத்தோடு வந்ததென்று நாம் எண்ணவில்லை. உலகம் சபித்து ஒதுக்கிய நாளில், தன் வீட்டில் தான் குறைவுபட்டவளல்லள் என்பதை அச்சிறுமி கண்டாள். அதுவே வேர்.

ஆதலின் பெண்ணைப் பெற்ற நண்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. பழைய அச்சை உடைத்துவிட்டு, நாகரிகம் என்னும் பெயரால் புதியதோர் அச்சைக் கொண்டு வராதீர்கள். முதல் மதிப்பெண் பெறாத நாளிலும், எதிர்த்துப் பேசிய நாளிலும், ஊரார் முகம் சுளித்த நாளிலும் அவள் உங்கள் மகளே என்பதை அவளுக்கு உணர்த்துங்கள். மற்றதை அவளே பார்த்துக்கொள்வாள்.