ஐந்து ஆண்டுகள் காத்திருந்த ஆர்சனல்: நிர்வாகி ஹெர்பர்ட் சாப்மனின் கதை

சனிக்கிழமை இரவில் எந்த மாமாக் கடைக்குப் போனாலும் ஒரே வழக்குதான். பெரிய திரையில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். இந்த நிர்வாகியை எதற்காக எடுத்தார்கள் என்று ஒரு மேசையில் கேள்வி எழும். பந்தைப் பின்னாலேயே உருட்டிக்கொண்டிருந்தால் கோல் எப்படி விழும் என்று இன்னொரு மேசையில் கோபம். தே தாரிக் ஆறிப்போனாலும் வாதம் ஓயாது.

நிர்வாகியைத் திட்டுவதற்கும் ஒரு காலத்தில் வழியில்லாமல் இருந்தது. இங்கிலாந்தில் அப்போது பல குழுக்களில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் இயக்குநர்கள். நிர்வாகி என்று ஒருவர் இருந்தால் அவர் கணக்கும் கடிதமும் பார்க்கும் செயலாளர் மாதிரி. அந்த வேலையை இன்று நாம் அறிந்த வேலையாக மாற்றியவர்களில் முதன்மையானவர் ஹெர்பர்ட் சாப்மன். ஆர்சனல் ரசிகர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். அவர் அந்தக் குழுவில் சேர்ந்து முதல் கிண்ணத்தைத் தூக்க ஐந்து ஆண்டு பிடித்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1878 ஜனவரி 19ஆம் தேதி, யார்க்‌ஷியர் வட்டாரத்தில் கிவெட்டன் பார்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். அப்பா சுரங்கத் தொழிலாளி. மகன் சுரங்கப் பொறியியல் படித்தார். ஆட்டக்காரராக அவர் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. தம்பி ஹாரிதான் ஷெஃபீல்ட் வென்ஸ்டே குழுவில் லீக் பட்டம் வென்றவர். அண்ணன் குழு விட்டுக் குழு மாறிக்கொண்டே இருந்தார். டோட்டன்ஹாமில் ஆடிய காலத்தில் மஞ்சள் நிறக் காலணி போட்டுக்கொண்டு திடலில் இறங்கினார் என்பதுதான் அவரைப் பற்றி ரசிகர்கள் நினைவில் வைத்திருந்த செய்தி.

1907ல் நார்தாம்ப்டன் டவுன் குழு அவரை ஆட்டக்காரராகவும் நிர்வாகியாகவும் அமர்த்தியது. சதர்ன் லீக்கில் இரண்டு பருவம் தொடர்ந்து கடைசி இடத்தில் கிடந்த குழு அது. அங்கே தொடக்கத்திலேயே ஓர் ஆட்டம் அவரை யோசிக்க வைத்தது. நார்விச்சை எதிர்த்து அவர் குழு நெடுநேரம் தாக்கியும் தோற்றுப் போனது. எதிராளியின் கோல் பக்கமே எல்லாரும் கூடி நின்றால் அங்கே நெரிசல்தான் மிஞ்சும், கோல் விழ இடமிருக்காது என்ற முடிவுக்கு அவர் வந்தார். தம் ஆட்டக்காரர்களைக் கொஞ்சம் பின்வாங்கச் சொன்னார். எதிராளியை முன்னே வர விட்டு, அவர் விட்டுவந்த வெற்றிடத்தில் பந்தை வேகமாக அனுப்பச் செய்தார். 1909ல் நார்தாம்ப்டன் சதர்ன் லீக் பட்டத்தை வென்றது. பின்னாளில் அவர் செய்த பெரிய காரியங்களுக்கெல்லாம் வித்து இங்கேதான் விழுந்தது.

நார்தாம்ப்டனில் அவர் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். வால்டர் டல் என்ற கறுப்பின ஆட்டக்காரர் டோட்டன்ஹாமில் ஆடியபோது, வெளியூர் ஆட்டம் ஒன்றில் கூட்டத்தினர் நிறத்தைச் சொல்லி அவரை வசை பாடினார்கள். அதன் பிறகு முதல் குழுவில் அவருக்கு வாய்ப்புக் குறைந்தது. 1911ல் சாப்மன் அவரை வாங்கித் தொடர்ந்து ஆட வைத்தார். டல் பிறகு பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரியாகி, 1918ல் போர்முனையில் உயிர்விட்டார்.

1912ல் சாப்மன் லீட்ஸ் சிட்டிக்குப் போனார். அங்கே வளர்ந்துகொண்டிருந்த குழுவை முதல் உலகப் போர் கலைத்தது. போர்க்காலத்தில் அவர் வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றை நிர்வகிக்கப் போய்விட்டார். அந்தச் சமயத்தில் லீட்ஸ் சிட்டி ஆட்டக்காரர்களுக்குச் சட்டவிரோதமாகப் பணம் கொடுத்ததாகப் புகார் கிளம்பியது. கணக்குப் புத்தகங்களைக் காட்டக் குழு மறுத்தது. 1919ல் லீட்ஸ் சிட்டி லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது, ஆட்டக்காரர்கள் ஏலம் விடப்பட்டார்கள், சாப்மனுக்கும் தடை விழுந்தது. காற்பந்து அவரைக் கைகழுவிவிட்டது என்றே அப்போது பலரும் நினைத்திருப்பார்கள்.

ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன் குழுதான் அவரைத் தேடி வந்தது. பணம் கைமாறியதாகச் சொல்லப்பட்ட காலத்தில் அவர் தொழிற்சாலையில் இருந்தார் என்று வாதாடித் தடையை நீக்க வைத்தது. 1921ல் பொறுப்பேற்ற சாப்மன் மறு ஆண்டே எஃப்ஏ கிண்ணத்தைக் கொண்டுவந்தார். 1924லும் 1925லும் லீக் பட்டம் வந்தது. 1925ல் பட்டம் வென்ற பருவத்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் எந்த லீக் ஆட்டத்திலும் இரண்டு கோலுக்கு மேல் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்போது லண்டனில் ஆர்சனல் ஆள் தேடிக்கொண்டிருந்தது. அதன் தலைவர் ஹென்ரி நாரிஸ் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். பெரும் பணம் கொட்டி ஆட்டக்காரர்களை வாங்கித்தான் குழுவை உருவாக்க முடியும் என்று நினைப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்ற பொருளில் அதில் ஒரு நிபந்தனை. ஆண்டுக்கு 2,000 பவுண்டு சம்பளத்தில் அந்த வேலைக்கு வந்த சாப்மன், பின்னாளில் இங்கிலாந்தின் ஆட்டக்காரர் விலையில் சாதனையே படைத்தார் என்பது வேடிக்கை.

முதலில் அவர் வாங்கியது சண்டர்லாந்தின் சார்லி பக்கனை. வயது முப்பதைத் தாண்டிய தாக்குதல் ஆட்டக்காரருக்கு 4,000 பவுண்டு கேட்டார்கள். நாரிஸ் பேரம் பேசி, 2,000 பவுண்டு ரொக்கம், முதல் பருவத்தில் அடிக்கும் ஒவ்வொரு கோலுக்கும் 100 பவுண்டு என்று முடித்தார். பக்கன் 21 கோல் அடித்துவிட்டார். கணக்குப் பார்த்தால் 4,100 பவுண்டு. பேரம் பேசாமலே இருந்திருக்கலாம்.

அதே 1925ல் ஆஃப்சைட் விதி மாறியது. பந்து வரும்போது தாக்குதல் ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிராளிகள் மூவர் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. புதிய விதிப்படி இருவர் போதும். தாக்குபவருக்குக் கதவு திறந்துவிட்டது. முதல் டிவிஷனில் ஒரு பருவத்துக்கு 1,200க்கும் குறைவாக இருந்த மொத்த கோல் எண்ணிக்கை அடுத்த பருவத்தில் 1,700ஐத் தாண்டியது. தற்காப்பில் இருவரை மட்டும் நிறுத்தி ஆடிய குழுக்கள் திணறின. ஆர்சனலும் திணறியது. 1925 அக்டோபர் 3ஆம் தேதி நியூகாசலிடம் 7-0 என்று தோற்றது.

அன்றைய தோல்விக்குப் பிறகு குழுவினர் கூடிப் பேசினார்கள். நடுவில் சுதந்திரமாக ஓடி ஆடும் சென்டர் ஹாஃப் ஆட்டக்காரரைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு நடுவில் நிறுத்த வேண்டும் என்பது பக்கனின் யோசனை. அவர் அதை முன்பிருந்தே சொல்லிவந்தார். சாப்மன் ஒப்புக்கொண்டார். ஒருவர் பின்னே போனால் நடுவில் பந்து எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டுமே! அதற்கு முன்வரிசையிலிருந்து ஒருவர் இறங்கி வர வேண்டியதாயிற்று. பக்கன் அந்த இடத்தைத் தமக்கே எதிர்பார்த்தார். கோல் அடிக்க அவர் வேண்டும் என்று சாப்மன் மறுத்துவிட்டு, மூன்றாம் குழுவில் ஆடிக்கொண்டிருந்த ஆண்டி நீலைக் கூப்பிட்டார். வேகம் குறைந்தவர், ஆனால் பந்தைக் காலடியில் நிறுத்திச் சரியான இடத்துக்கு அனுப்பத் தெரிந்தவர். இரண்டு நாள் கழித்து வெஸ்ட் ஹாமை அதன் திடலிலேயே 4-0 என்று ஆர்சனல் வென்றது.

அந்தப் பருவத்தில் ஆர்சனலுக்கு இரண்டாம் இடம். முதலிடம் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு. சாப்மன் கட்டிவிட்டு வந்த குழு அவரையே முந்தித் தொடர்ந்து மூன்றாவது பட்டத்தை வென்றது.

அடுத்து வந்த ஆண்டுகளைத்தான் இன்றைய ரசிகர்கள் கவனிக்க வேண்டும். ஆர்சனல் லீக்கில் முடித்த இடங்கள் வரிசையாக 11, 10, 9, 14. 1927ல் எஃப்ஏ கிண்ண இறுதியாட்டம் வரை போய், கோல்காப்பாளர் டான் லூயிசின் கையிலிருந்து நழுவிய பந்தால் கார்டிஃபிடம் 1-0 என்று தோற்றது. இன்றைய கணக்கில் மூன்றாவது பருவத்திலேயே பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பார்கள். அன்றைய ஆர்சனல் பொறுத்துக்கொண்டது. நாரிஸ் பண விவகாரத்தில் சிக்கிக் காற்பந்திலிருந்தே விலக்கப்பட்ட பின், சாப்மனின் கைக்கு இன்னும் அதிகாரம் வந்தது.

திடலில் யார் சொல் செல்லும் என்பதில் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. 1927ல் ஒரு கிண்ண ஆட்டத்தின்போது, நீண்டகாலமாக இருந்த பயிற்றுநர் ஜார்ஜ் ஹார்டி ஓரத்திலிருந்து ஆட்டக்காரர்களுக்கு உத்தி சொல்லிக் குரல் கொடுத்தார். ஆட்டம் முடிந்ததும் அவரை முதல் குழுப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டு, டாம் விட்டேக்கர் என்ற இளைஞரை அமர்த்தினார் சாப்மன். காயத்தால் ஆட்டத்தை விட்ட விட்டேக்கர், ஆட்டக்காரர்களின் காயங்களைக் குணப்படுத்துவதில் பெயர்பெற்றவரானார். ஹார்டிக்கு நடந்தது நியாயமா என்று கேட்டால் எனக்கும் தயக்கம்தான். ஆனால் விட்டேக்கரைத் தேர்ந்தெடுத்தது அவருடைய மிகச் சிறந்த நியமனம்.

ஆட்களையும் அவர் பொறுமையாகச் சேர்த்தார். தற்காப்பு நடுவில் நிற்க ஹெர்பி ராபர்ட்சை 200 பவுண்டுக்கு வாங்கினார். 1928ல் போல்ட்டனின் டேவிட் ஜாக்குக்கு 10,890 பவுண்டு கொடுத்தார். அன்று அது நினைத்துப் பார்க்க முடியாத விலை. ஹோட்டலில் பேரம் நடந்தபோது போல்ட்டன்காரர்களுக்கு மதுவை ஊற்றிக்கொண்டே இருக்கவும், தம் கிண்ணத்தில் மட்டும் மது கலக்காமல் கொடுக்கவும் பரிமாறுபவரிடம் ஏற்பாடு செய்திருந்தார் என்று ஒரு கதை உண்டு. 1929ல் பிரஸ்டனிலிருந்து அலெக்ஸ் ஜேம்ஸ், எக்சட்டரிலிருந்து 17 வயது கிளிஃப் பாஸ்டின் ஆகியோர் வந்தார்கள். ஜேம்ஸ் கோல் அடித்துப் பழகியவர். தொளதொள கால்சட்டை போட்டுக்கொண்டு பந்தோடு வித்தை காட்டுபவர். அவரைக் கோல் அடிப்பதை மறந்து நடுவில் நின்று பந்து கொடுக்கச் சொன்னார் சாப்மன். முதல் பருவம் முழுக்க ஜேம்ஸ் தடுமாறினார்.

பிறகு அந்த இயந்திரம் ஓடத் தொடங்கியது. ராபர்ட்ஸ் தடுத்த பந்து ஜேம்சிடம் வரும். அவர் தலை தூக்கி ஒரே உதையில் பாஸ்டினுக்கோ, மறுபக்கம் ஜோ ஹியூமுக்கோ அனுப்புவார். அந்தக் காலத்து ஓர ஆட்டக்காரர்கள் கோட்டோடு ஓடிப் பந்தை நடுவுக்கு உயர்த்தி அடிப்பார்கள். இவர்கள் உள்ளே வெட்டி நேராக கோலை நோக்கிப் போனார்கள். நெடுநேரம் எதிராளி தாக்குவதும், திடீரென்று ஆர்சனல் கோல் அடிப்பதுமாக இருந்ததால், அதிர்ஷ்டக்காரக் குழு என்று எதிர்த்தரப்பு ரசிகர்கள் கேலி செய்தார்கள். தற்காப்புக் குழு என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அந்தத் ‘தற்காப்புக் குழு’ 1930-31 பருவத்தில் 42 லீக் ஆட்டங்களில் 127 கோல் அடித்தது!

அதற்கு முந்திய ஆண்டில், 1930 ஏப்ரல் 26ஆம் தேதி வெம்பிளியில்தான் முதல் கிண்ணம் வந்தது. எதிரே நின்றது ஹடர்ஸ்ஃபீல்ட். ஜேம்சும் லாம்பர்ட்டும் கோல் போட 2-0 என்று வெற்றி. மறு ஆண்டு 66 புள்ளியோடு லீக் பட்டம். தென் இங்கிலாந்துக் குழு ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. 1933ல் மீண்டும் பட்டம்.

இடையில் ஓர் அவமானமும் நேர்ந்தது. 1933 ஜனவரியில் மூன்றாம் டிவிஷன் குழுவான வால்சாலிடம் கிண்ண ஆட்டத்தில் 2-0 என்று ஆர்சனல் தோற்றது. காய்ச்சலாலும் காயத்தாலும் பலர் இல்லாத நேரத்தில் இளையவர்களை இறக்கிப் பார்த்திருந்தார் சாப்மன். பினால்டிக்குக் காரணமான டாமி பிளாக்கைச் சில நாள்களிலேயே பிளிமத்துக்கு விற்றுவிட்டார். அந்தக் குழுவைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்ற கேள்வி அன்றும் எழுந்திருக்க வேண்டும். அவருடைய வாழ்க்கையில் எனக்குப் பிடிக்காத பக்கம் இதுதான்.

அவர் மண்டையில் எப்போதும் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். 1928லேயே சட்டையில் எண் போட்டு ஆட வைத்தார். லீக் அதைக் கட்டாயமாக்கியது 1939ல். இரவு விளக்கு வெளிச்சத்தில் ஆடலாம் என்று திடலில் விளக்குகளைப் பொருத்தினார். அதிகாரபூர்வ ஆட்டங்களுக்கு அனுமதி கிடைக்க 1950கள் வரை ஆனது. சிவப்புச் சட்டைக்கு வெள்ளைக் கை வைத்தவர் அவரே. 1930ல் ஆஸ்திரிய கோல்காப்பாளர் ரூடி ஹிடனை அழைத்து வந்தபோது, பிரிட்டிஷ் அரசாங்கம் அவரைத் தரையிறங்க விடவில்லை. பிறகு வெளிநாட்டவரைத் தடுக்கும் விதியையே காற்பந்துச் சங்கம் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் தேசியக் குழுவை ஒரு கமிட்டி தேர்ந்தெடுத்த காலத்தில், 1933ல் ரோமுக்கும் பெர்னுக்கும் அதோடு பயணம் செய்து உத்தி வகுக்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. இத்தாலியோடு 1-1 சமநிலை, சுவிட்சர்லாந்தை 4-0 என்று வெற்றி. அந்தப் பொறுப்பை நிரந்தரமாக்க யாருக்கும் மனம் வரவில்லை.

1934 புத்தாண்டில் லீக் பட்டியலின் உச்சியில் ஆர்சனல். சாப்மன் ஜனவரி 1ஆம் தேதி பெரிக்குப் போய் ஓர் ஆட்டம் பார்த்தார். மறுநாள் ஷெஃபீல்டில், அடுத்து மோத வேண்டிய வென்ஸ்டே குழுவை நோட்டம் விட்டார். சளி பிடித்துக்கொண்டது. மருத்துவர் சொல்லியும் கேட்காமல், மூன்றாம் குழுப் பையன்கள் கில்ஃபர்டில் ஆடுவதைப் பார்க்கப் போனார். சளி நிமோனியாவானது. ஜனவரி 6ஆம் தேதி அதிகாலை, 55வது வயதில் காலமானார்.

அன்று பிற்பகல் ஹைபரி திடலில் ஆட்டம் இருந்தது. அவர் நோட்டம் விட்டு வந்த அதே ஷெஃபீல்ட் வென்ஸ்டேதான் எதிரணி. ஆட்டம் 1-1 என்று முடிந்தது. ஆர்சனல் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பட்டம் வென்று தொடர்ந்து மூன்று பட்டங்களைப் பெற்றது. அடுத்த நிரந்தர நிர்வாகியாக வந்தவர், வானொலியில் காற்பந்து வர்ணனை செய்து புகழ்பெற்ற ஜார்ஜ் அலிசன். வர்ணனையாளருக்குக் குழுவை நடத்தத் தெரியுமா என்ற வாதத்துக்கு அன்றைய லண்டன் மதுக்கடைகளில் பஞ்சம் இருந்திருக்காது.

லண்டன் போகிறவர்கள் பிக்காடிலி ரயில் தடத்தில் ஆர்சனல் நிலையத்தில் இறங்கிப் பார்க்கலாம். கில்லெஸ்பி ரோடு என்றிருந்த அதன் பெயரை 1932ல் மாற்ற வைத்தது சாப்மனின் விடாமுயற்சிதான். நடைமேடைச் சுவரின் ஓடுகளில் பழைய பெயர் இன்னும் பெரிய எழுத்தில் இருக்கிறது.