பூச்சியியலறிஞர் பேட்ஸ்

இங்கிலாந்திலுள்ள லெஸ்டர் நகரில் 1825-ஆம் ஆண்டு ஹென்றி வால்டர் பேட்ஸ் பிறந்தார். அவர்தம் பள்ளிப் படிப்பு 13-ஆம் அகவையில் முடிவுற்றது. காலுறை வணிகர் ஒருவரிடம் அவர் தொழில் பயிலச் சேர்ந்தார். காலை 7 மணி முதல் இரவு 8 மணி வரை பண்டசாலையில் வேலை. அதனைப் பெருக்குவதும் அவர் கடமையே. இரவில் தொழிலாளர் கல்விக் கழகத்தில் பாடம் பயின்றார். விடுமுறை நாள்களில் காடுகளில் வண்டுகளைத் தேடித் திரிந்தார்.

1843-ஆம் ஆண்டில் எட்வர்டு நியூமன் என்பார் ‘ஜூவாலஜிஸ்ட்’ என்னும் திங்களிதழைத் தொடங்கினார். அறிஞர்களேயன்றி, ஓய்வு நேரத்தில் இயற்கையை ஆராய்ந்தோரும் தாம் கண்டவற்றை அதில் எழுதலாயினர். ஈரமான இடங்களில் வாழும் வண்டுகளைப் பற்றிப் பேட்ஸ் எழுதிய சிறு குறிப்பு அவ்வாண்டே அவ்விதழில் வெளிவந்தது. அப்பொழுது அவருக்கு அகவை 18.

பின்னர், ஆசிரியப் பணிக்காக லெஸ்டருக்கு வந்த ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் அவர் நண்பரானார். 1848-இல் இருவரும் தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளுக்குச் சென்றனர். பூச்சிகளைத் திரட்டி இங்கிலாந்தில் விற்று, அப்பொருளால் ஆராய்ச்சியை நடத்துவதே அவர்தம் திட்டம். வாலஸ் 1852-இல் திரும்பினார். பேட்ஸோ 11 ஆண்டுகள் அங்கேயே தங்கினார்.

அவர் பட்ட துன்பம் பெரிது. ஒருமுறை ஓராண்டுக் காலம் கடிதமும் பணமும் வரவில்லை. உடைகள் கந்தலாயின, காலணியின்றி நடந்தார். அத்தனிமையில் தாயகத்து இதழ்களே அவருக்குத் துணை. ‘அத்தீனியம்’ இதழை மும்முறை படிப்பார்: முதலில் சுவையான கட்டுரைகளை; அடுத்து எஞ்சியவற்றை; இறுதியில் விளம்பரங்களையும் விடாமல். அவர் எழுதிய கடிதங்களோ ‘ஜூவாலஜிஸ்ட்’ இதழில் வெளிவந்தன. அவற்றின் வாயிலாக அமேசான் காட்டின் பூச்சிகளை இங்கிலாந்து மக்கள் அறிந்தனர்.

1859-இல் அவர் தாயகம் திரும்பினார். அவர் திரட்டிய உயிரினங்கள் 14,000 வகைக்கு மேற்பட்டவை, பெரும்பாலானவை பூச்சிகள். ஏறத்தாழ 8,000 வகைகள் அதுவரை அறிவியலார் அறியாதவை. சுவை கெட்ட வண்ணத்துப்பூச்சிகளைப் பறவைகள் உண்பதில்லை. வேறு சில வண்ணத்துப்பூச்சிகள் அவற்றைப் போன்ற தோற்றம் கொண்டு உயிர் பிழைக்கின்றன. இவ்வுண்மையை 1861-இல் பேட்ஸ் அறிஞர் அவையில் விளக்கினார். அப்போலித் தோற்றம் இன்றும் அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது.

பல்கலைக்கழகப் பட்டம் ஏதுமில்லாத பேட்ஸை லண்டன் பூச்சியியல் கழகம் தன் தலைவராக்கியது. 1892-இல் அவர் மறைந்தார். பண்டசாலைச் சிறுவன் ஒருவனின் குறிப்பையும் மதித்து ஏற்ற இதழால், உலகம் ஓர் அறிஞரைப் பெற்றது.