திண்ணையில் இரசாயனம்

தென்காசியை அடுத்த குற்றாலத்தில் சாரல் பொழியும் நாள்களில், இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் இல்லத்திற்கு நண்பர் பலர் வருவதுண்டு. அவருள் இராஜாஜியும் ஒருவர். கம்பன் கவியில் திளைத்த அவ்வவையில் வீற்றிருந்த இவ்வரசியலறிஞர், இரசாயன நூலும் தமிழில் எழுதியவர் என்பதைப் பலர் அறியார்.

இராஜாஜி 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள், இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த தொரப்பள்ளியில் பிறந்தார். சட்டம் பயின்று சேலத்தில் வழக்கறிஞராய்ப் புகழ் பெற்றார். அந்நாளில் உயர்வகுப்புகளில் அறிவியல் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டது. பொருளுணராது சொற்களை உருப்போடும் மாணவர் பலராயினர். அறிவியலைத் தமிழில் உரைத்தல் இயலாது என்று கற்றோரே கருதினர். இராஜாஜி அக்கருத்தை ஏற்றிலர். 1916-ஆம் ஆண்டில் சேலத்தில் நண்பருடன் கூடி ஒரு சங்கம் நிறுவி, இரசாயனம், பௌதிகம், தாவரவியல், வானவியல், கணிதம் ஆகிய துறைகளுக்குத் தமிழ்ச் சொற்களை ஆக்க முற்பட்டார்.

சொற்கள் மட்டும் இருந்தால் போதுமா? அவற்றைக் கையாண்டு காட்டவும் வேண்டுமன்றோ? பின்னாளில், 'தமிழில் முடியுமா?' என்று தலைப்பிலேயே வினாவை வைத்து ஒரு நூல் எழுதினார். 'திண்ணை ரசாயனம்' என்பது மற்றொரு நூல். ஆய்வுக்கூடத்தினுள் இருந்த கலையை வீட்டு வாயிலுக்கு அழைத்து வந்தது அப்பெயர். கவிதையில் இரசிகமணி போற்றிய தெளிவை, இராஜாஜி அறிவியல் உரைநடையிலும் நாடினார்.

அத்தெளிவு இரசாயனத்திற்கு எவ்வாறு பொருந்தும்? திண்ணைச் சுவருக்குப் பூசும் சுண்ணாம்பையே நோக்குவோம். (இவ்வெடுத்துக்காட்டு நம்முடையது, அவர் நூலினது அன்று.) சுட்ட சுண்ணாம்பின்மீது நீர் ஊற்றினால் அது கொதித்துப் பொங்கும், ஆவி எழும், கட்டிகள் உடைந்து பொடியாகும். ஈரமான பழைய சுண்ணாம்பு அன்று அது. இரு பொருள்கள் கூடியதால் பிறந்த புதுப்பொருள். இதுவே இரசாயன மாற்றம். இதனை,

சுட்ட சுண்ணாம்பு + நீர் → நீற்றிய சுண்ணாம்பு

என எழுதுதல் சமன்பாடு எனப்படும். கூடுவன இடப்புறமும், விளைவது வலப்புறமும் நிற்கும். 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு 18 கிராம் நீரை ஏற்று 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பாகும். ஆவியாய்ப் போன நீர் இக்கணக்கிற் சேராது. அணுக்களை எண்ணினாலும் கணக்குப் பிசகாது: இருபுறமும் கால்சியம் ஒன்று, ஆக்சிஜன் இரண்டு, ஹைட்ரஜன் இரண்டு.

இராஜாஜியின் வாழ்வில் மொழி பற்றிய பூசல்களும் இருந்தன. 1937-இல் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சரான அவர், மறு ஆண்டில் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியபோது தமிழறிஞர் பலர் வெகுண்டெழுந்தனர். அவர்களது சினத்தில் நியாயம் இருந்தது. ஆயினும் அதற்கு இருபதாண்டுக்கு முன்னரே அவர் தொடங்கிய சொல்லாக்கப் பணியை மறத்தல் முறையாகாது.

1948-இல் அவர் இந்தியாவின் தலைமை ஆளுநரானார். 1954-இல் இரசிகமணி மறைந்தார். குற்றாலத்து நண்பரைப் பிரிந்தபின் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்த இராஜாஜி, இறுதிக்காலம் வரை எழுதிக்கொண்டிருந்து, 1972-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் சென்னையில் காலமானார்.