வரித்தண்டலும் வதையும்: கஜுலு இலட்சுமிநரசு செட்டியார்

மேனாம்பேடு, அம்பத்தூர், பூவிருந்தவல்லி என்னும் ஊர்ப்பெயர்களைக் கேட்ட அளவில் ஆலைகளும் பேருந்து நெரிசலும் நினைவுக்கு வருவது 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்த பின்னர் ஏற்பட்ட வழக்கம். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னர், கும்பினியார் ஆட்சியில், நகருக்கு மேற்கே கிடந்த இந்நிலப்பகுதி செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்தது. ஏரி நிறைந்தால் விளைச்சல், வறண்டால் கடன் என்று வாழ்ந்த பகுதி அது. சென்னை மாகாணம் முழுவதிலும் அத்தகைய சிற்றூர்களில் உழவன் மழையைவிடவும் அஞ்சியது கிஸ்தி கட்டும் நாளை. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி, மாவட்டக் கலெக்டரையே மாஜிஸ்திரேட்டாகவும், தாசில்தாரையே வட்டத்துக் காவல் தலைவராகவும் ஆக்கி வைத்திருந்தது. வரி கேட்டு வருபவரும் அவரே. திருட்டுக் குற்றம் சாட்டிப் பிடித்துச் செல்பவரும் அவரே. வரி கொடாதவனுக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவனுக்கும் ஒரே சாவடியில் ஒரே வகையான கொடுமை காத்திருந்ததில் வியப்பில்லை.

இக்கொடுமையை அரசின் ஆய்வுக்குரிய பொருளாக்கியவர்களுள் முதன்மையானவர் சட்டம் பயின்றவரல்லர். நீலச்சாயமும் துணியும் விற்ற வணிகர். கஜுலு இலட்சுமிநரசு செட்டியார் 1806இல் சென்னையில் பிறந்தார். தந்தையார் சித்துலு செட்டியார் நீல வணிகத்தில் பெயர் பெற்றவர். மகன் இளமையிலேயே தந்தையாரின் தொழிலில் இறங்கிப் பெரும்பொருள் ஈட்டினார். வணிகத்தில் வென்றவர் வணிகத்தோடு நின்றிருக்கலாம். அந்நாளைச் சென்னைச் செல்வர் பலர் அவ்வாறே நின்றனர்.

1844ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் 'கிரசண்ட்' என்னும் ஆங்கில இதழை அவர் தொடங்கினார். பிறை என்பது அப்பெயரின் பொருள். ஆள்வோர் மொழியில் ஆளப்படுவோர் குறையை ஆள்வோருக்கே உரைப்பது அதன் நோக்கம். அரசுப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடமாக வைக்கும் முயற்சியை எதிர்த்து 1846இல் நடந்த பொதுக்கூட்டத்திலும், சமயம் மாறியோரின் சொத்துரிமை பற்றிய சட்டத்தை எதிர்த்த கிளர்ச்சியிலும் அவர் முன்னின்றார். இவ்வழக்குகளில் அவர் கொண்ட நிலை இன்றைக்கு எல்லாருக்கும் உடன்பாடாகாது. ஆயினும் கூட்டம் கூட்டுதல், கையெழுத்துத் திரட்டுதல், விண்ணப்பம் எழுதுதல் ஆகிய மூன்றையும் சென்னை மக்கள் பயின்ற பள்ளி அதுவே.

1852 பிப்ரவரியில் சென்னைவாசிகள் சங்கம் தோன்றியது. முதலில் கல்கத்தாவின் பிரிட்டிஷ் இந்தியச் சங்கத்தின் கிளையாக இருந்து, பின்னர்த் தனித்து இயங்கியது. மறு ஆண்டில் கும்பினியின் பட்டயம் புதுப்பிக்கப்பட இருந்தமையால், அவ்வாண்டின் இறுதியில் சங்கம் இலண்டன் நாடாளுமன்றத்திற்கு நீண்டதொரு விண்ணப்பம் விடுத்தது. ரயத்துவாரி முறையின் கடுமை, நீதிமன்றங்களின் தாமதம், கல்வியின் குறைபாடு ஆகியவற்றோடு, வரித்தண்டலில் மக்கள் படும் வதையும் அதில் இடம்பெற்றது. பட்டயச் சட்டம் 1853இல் நிறைவேறியபோது இக்குறைகளுக்குத் தீர்வு கிட்டவில்லை.

வேறொருவராயின் இவ்விடத்தில் மனம் சோர்ந்திருப்பார். செட்டியாரோ, தாளில் எழுதியதை நம்பாதவர்கள் கண்ணால் கண்டால் நம்பக்கூடும் என்று கருதினார் போலும். நாடாளுமன்ற உறுப்பினரும் இந்தியச் சீர்திருத்தக் கழகத்தின் தலைவருமான டான்பி சீமோர் 1853இல் சென்னைக்கு வந்தார். அவரை மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று, உழவர்களைச் சந்திக்கச் செய்து, அவர்கள் குறைகளைக் கேட்கச் செய்தவர் செட்டியாரே. இலண்டன் திரும்பிய சீமோரும் அவர் நண்பர்களும் 1854 சூலையில் மக்களவையில் இதனை எழுப்பினர். இந்தியாவில் பணியாற்றி ஓய்வு பெற்றுச் சென்றோர் அப்படியொன்றும் நடப்பதில்லை என்று மறுத்தனர். மறுப்பே விசாரணைக்கு வழி திறந்தது. அவ்வாண்டிலேயே சென்னையில் சித்திரவதை ஆணையம் அமைந்தது.

எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் அதன் உறுப்பினர். முதலில் வரித்தண்டல் வதையை மட்டும் ஆராயப் பணிக்கப்பட்ட அவ்வாணையத்தின் எல்லை, காவல் வதையையும் சேர்த்து விரிவாக்கப்பட்டது. இரண்டையும் செய்தவர் ஒரே சேவகர் என்னும்போது பிரித்து ஆராய்வது எங்ஙனம்? முறையிட அளிக்கப்பட்ட காலம் ஏறத்தாழ மூன்று திங்களே. ஆணையம் அமர்ந்ததோ சென்னை நகரில். புகைவண்டி ஓடாத அந்நாளில், நெல்லையிலோ கோவையிலோ இருந்து வரும் உழவன் ஏரை நிறுத்திவிட்டு நடந்தே வரவேண்டும். திரும்பிச் சென்றால் அதே தாசில்தாரின் ஆட்சியில்தான் வாழவேண்டும். இத்தனை இடர்களுக்கு இடையிலும் நேரில் வந்தோர் 519 பேர். மடல் வழி முறையிட்டோரையும் சேர்த்தால் முறையீடுகள் 1,959. ஆணையமே இத்தொகையைக் கண்டு திகைத்தது.

1855 ஏப்ரலில் வந்த அறிக்கையைத் தமிழறிந்தோர் படிக்கையில் நெஞ்சைத் தைப்பது எண்ணிக்கையைவிடவும் அதனுள் கிடக்கும் சொற்களே. கிட்டி, அண்ணந்தாள் என்னும் நம் சொற்கள் அங்கே ஆங்கில எழுத்தில் உருமாறிக் கிடக்கின்றன. கிட்டி என்பது இரு கழிகளின் இடையே விரல்களையோ கையையோ வைத்து நெருக்கும் கருவி. அண்ணந்தாள் என்பது கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து, குனிந்தபடியே நெடுநேரம் நிற்கச் செய்வது; சில வேளைகளில் முதுகின்மேல் கல்லும் ஏற்றப்படும். வெயிலில் நிறுத்துதல், உணவு உண்ணவிடாமல் தடுத்தல், தலைமயிரைக் கழுதையின் வாலில் கட்டுதல் எனப் பட்டியல் நீள்கிறது. இவற்றுட் சில திண்ணைப் பள்ளிகளிலும் தண்டனையாக வழங்கியவை. பிள்ளைகளைத் திருத்த ஆசிரியர் கையாண்டதும் உழவனிடம் பணம் பறிக்கச் சேவகன் கையாண்டதும் ஒரே பெயர் தாங்கி நின்றதை எண்ணுகையில், கொடுமை எவ்வளவு பழகிப் போயிருந்தது என்பது விளங்கும். ஆணையத்தின் முன் பேசியவர்கள் உவமையும் அணியும் கொண்டு பேசவில்லை. எவ்வூர், எந்நாள், எவ்வளவு பாக்கி, எவர் கட்டினார் என்பனவே அவர்கள் சொன்னவை.

வதை நடந்ததென்பதை ஆணையம் ஐயமின்றி ஏற்றது. ஆனால் பழி எங்கே விழுந்தது என்பதில்தான் செட்டியாரின் முயற்சி பாதி வெற்றியாய் நின்றுவிட்டது. உள்நாட்டுக் கீழ்நிலைச் சேவகர்களே கொடியவர்கள் என்றும், வெள்ளை அதிகாரிகளுக்கு இதில் உடன்பாடில்லை என்றும், மக்கள் வேண்டுவது தம் நாட்டவரிடமிருந்தே பாதுகாப்பு என்றும் அறிக்கை முடிவு கட்டியது. எட்டாத உயரத்தில் வரியை விதித்தது யார், தண்டித் தீர்க்கவேண்டுமென்று ஆண்டுதோறும் நெருக்கியது யார் என்னும் வினாக்களுக்கு அதில் உரிய இடமில்லை. கிட்டியைப் பிடித்த கை தெரிந்தது. அக்கையை ஏவிய கணக்கு மறைந்தது. பிற்கால ஆய்வாளர் பலர் இவ்வறிக்கையைக் குடியேற்ற ஆட்சி தன்னைத் தூய்மைப்படுத்திக்கொண்ட ஆவணமாகவும் படிப்பது இதனாலேயே. 1857இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் நாளிதழொன்றில் இதே அறிக்கையை எடுத்துக்கொண்டு, கிளர்ந்தெழுந்த சிப்பாய்களின் கொடுமையைப் பேசுவோர் தம் ஆட்சியின் கொடுமையையும் பார்க்கவேண்டும் என்னும் கருத்துப்பட எழுதினார். சென்னை உழவர்களின் முறையீடு அத்தனை தொலைவு சென்றிருந்தது.

சித்திரவதைச் சட்டம் என்று ஒன்று இருந்ததாகவும், செட்டியாரின் முயற்சியால் அது ஒழிக்கப்பட்டதாகவும் சில பாடநூல்கள் எழுதுகின்றன. அது பிழை. வதைக்கு இசைவளித்த சட்டம் எதுவும் அன்றில்லை. சட்டம் தடுத்திருக்கவே அது நடந்தது. மாறியது அமைப்பு. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணத்தில் காவலை வருவாய்த்துறையிலிருந்து பிரித்தது. அயர்லாந்துக் காவற்படையை ஒட்டிய தனிப்படை, வில்லியம் ராபின்சன் என்னும் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரலின் கீழ் உருவாயிற்று. 1861இல் இந்தியா முழுமைக்கும் வந்த காவல் சட்டத்திற்குச் சென்னையின் பட்டறிவு துணை நின்றது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவு, 2024 வரை நடைமுறையிலிருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்ய வதைக்கும் காவலரையும், வரிப்பாக்கி பெற வதைக்கும் வருவாய் அலுவலரையும் அப்பிரிவு எடுத்துக்காட்டுகளாக அருகருகே வைத்திருந்தது. 1872இன் சாட்சியச் சட்டம், காவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது என்றது. காவலர் கையில் அவ்வாக்குமூலம் எவ்வாறு பிறக்கும் என்பதைச் சட்டம் இயற்றியோர் அறிந்தே இருந்தனர். பிரித்ததனால் வதை தீர்ந்ததோ எனின், இல்லை. 1902-03இல் ஆராய்ந்த பிரேசர் ஆணையமும் காவல்துறையில் ஊழலையும் அடக்குமுறையையும் கண்டது.

செட்டியாரின் இறுதிக் காலத்தைச் சுருங்கச் சொல்லலாம். ஆட்சியாளர் ஐயத்தோடு நோக்கிய அவருக்கே பின்னர் சி.எஸ்.ஐ. பட்டம் வந்தது, 1863இல் சென்னைச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராகவும் அமர்ந்தார். அதற்குள் சங்கம் செயலற்றுப் போயிருந்தது. இதழுக்கும் விண்ணப்பங்களுக்கும் பயணங்களுக்குமாகக் கைப்பொருள் கரைந்தது; வணிகமும் தளர்ந்தது. நீலத்தில் ஈட்டிய செல்வம் மையில் கரைந்தது எனலாம். 1868இல் அவர் வறுமையில் மறைந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து பொதுப்பணியைத் தொடரச் சென்னை மகாஜன சபை தோன்றியது 1884இல்தான்.