தலைப்பிட்டுக் கற்பித்த பேராசான் கொமேனியஸ்

முன்னுரை

நீண்ட செய்தியொன்றைத் தலைப்பின்றித் தொடர்ந்து எழுதிச் சென்றால், இளம் மாணவர் தொடக்கமும் முடிவும் அறியாது தடுமாறுவர். ஆசிரியராகிய நாம் நாள்தோறும் காணும் உண்மை இது. இவ்விடர்ப்பாட்டை முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து, அதனைக் களைய உழைத்தவர் யான் ஆமோஸ் கொமேனியஸ் ஆவார்.

இளமையும் கல்வியும்

இன்றைய செக் நாட்டைச் சார்ந்த மொராவியாவில், 1592ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28ஆம் நாள் இவர் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். பதினாறாம் வயதில்தான் இலத்தீன் பள்ளியில் சேர முடிந்தது. அங்கோ, பொருள் விளங்காச் சொற்களும் விதிகளும் அச்சுறுத்தியே மனத்தில் திணிக்கப்பட்டன. அத்துன்பத்தைத் தாமே பட்டறிந்தமையால், பிள்ளைகளுக்கு எளிய வழி காணும் வேட்கை அவருள் எழுந்தது.

துன்பத்திடையே தொண்டு

1616இல் சமய குருவானார். 1618இல் மூண்ட முப்பதாண்டுப் போர் அவர் வாழ்வைச் சிதைத்தது. மனைவியையும் இரு குழந்தைகளையும் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தார். 1628இல் நாடு துறந்து, போலந்தின் லெஷ்னோ நகரில் அடைக்கலம் புகுந்தார்.

அங்கிருந்து 1631இல் வெளியிட்ட இலத்தீன் பாடநூலில், ஏறத்தாழ ஆயிரம் தொடர்களை நூறு தலைப்புகளின்கீழ் வகுத்தளித்தார். அந்நூல் ஐரோப்பா எங்கும் அவர் புகழைப் பரப்பியது. ஆயின் 1656இல் லெஷ்னோ தீக்கிரையானபோது, பல்லாண்டுகள் தொகுத்த செக் மொழி அகராதியின் கையெழுத்துப்படியும் சாம்பலாயிற்று. அவரோ மனம் தளராது ஆம்ஸ்டர்டாம் சென்று பணியைத் தொடர்ந்தார்.

படங்களில் உலகம்

ஹங்கேரியில் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில் உருவாக்கிய படநூல், 1658இல் நூரெம்பர்க் நகரில் வெளிவந்தது. அதில் 150 தலைப்புகள் உள்ளன. ஒவ்வொன்றின்கீழும் ஒரு படம். படத்திலுள்ள பொருள்களுக்கு எண்கள். அவ்வெண்களுக்கேற்ப இலத்தீனிலும் ஜெர்மானியத்திலும் சிறு தொடர்கள். பள்ளி என்னும் தலைப்பில் ஆசிரியர், இருக்கை, சுண்ணக்கட்டி எழுத்து ஆகியவற்றோடு, பாடத்தைக் கவனியாது பேசிக்கொண்டிருக்கும் சிறுவரும் இடம்பெறுகின்றனர்!

தலைப்புகளின் வரிசையும் எண்ணத்தக்கது. இறைவனில் தொடங்கி, வானம், நெருப்பு, காற்று, நீர், மண், பயிர், உயிர், மனிதன், தொழில், அறம் எனச் சென்று, இறுதித் தீர்ப்பு நாளில் முடிகிறது. முந்தியதை அறிந்தவன் பிந்தியதை எளிதில் அறிவான்.

ஒரு குறை

இஸ்லாத்தைப் பற்றிய பகுதியைப் படிக்கும்போது நம் உள்ளம் வருந்துகிறது. அக்கால ஐரோப்பியரின் தவறான கருத்துகளையே அவரும் எழுதியுள்ளார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரால் மார்க்கத்தைக் குறிக்கும் அத்தலைப்பே பொருந்தாதது; முஸ்லிம்கள் வணங்குவது இறைவனை மட்டுமே. தலைப்பு பிழையானால், பக்கத்தைத் திருப்புமுன்பே இளம் உள்ளத்தில் பிழை பதிந்துவிடும் என்பதற்கு இதுவே சான்றாகும். எனினும் குறை கருதி அவர்தம் நிறையை மறுத்தல் நடுவுநிலை ஆகாது.

முடிவுரை

1670ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமில் அவர் மறைந்தார். நார்டென் நகரில் அடக்கம் செய்யப்பெற்றார். பிறந்த மண்ணுக்கு அவர் திரும்பவே இல்லை. அவர் பிறந்த நாளையே செக் நாட்டினர் இன்று ஆசிரியர் நாளாகப் போற்றுகின்றனர். மாணவச் செல்வங்களே! எழுதத் தொடங்குமுன் செய்திகளை வகைப்படுத்துங்கள். ஒவ்வொரு வகைக்கும் உண்மையான, சுருங்கிய தலைப்பிடுங்கள். அதுவே அப்பேராசானுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.